பனலில் படியும் தூசி, வீட்டில் குறையும் வெளிச்சம்

வெளிச்சத்தின் அருமையை யுத்தத்தினூடாக வாழ்ந்த பெண்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990களில் வடக்கில் மின்சாரம் நின்று, மண்ணெண்ணெய் கிடைப்பதும் அரிதாகிய காலத்தில், ஜாம் போத்தலின் அடியில் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டுத் திரி ஏற்றி, ஒரு துளி எண்ணெயைக்கூட வீணாக்காமல் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் எமது தாய்மார். மலையகத்தின் லயன் வீடுகளிலும் குப்பி விளக்குத்தான் நீண்ட காலம் துணை நின்றது. அந்த விளக்கு சரிந்து தீக்காயமடைந்த பெண்களும் குழந்தைகளும் அநேகம். அந்தத் துயரத்தைக் கண்டு, சரியாத, உடையாத ஒரு போத்தல் விளக்கை வடிவமைத்த வைத்தியர் விஜய கொடகும்புரவுக்கு 1998ஆம் ஆண்டு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

அந்த விளக்குகளின் இடத்துக்குப் பல வீடுகளில் இன்று சூரிய வெளிச்சம் வந்துள்ளது. மகிழ்ச்சிதான். ஆனால் வந்த வெளிச்சம் சில வருடங்களில் மங்கத் தொடங்குகிறது. "பனல் பழுதாகிவிட்டது", "பற்றரி போய்விட்டது" என்று கடைக்காரர் சொல்கிறார். வீட்டைத் தனியே தாங்கும் பெண் மீண்டும் கடன் வாங்குகிறாள். பல சந்தர்ப்பங்களில் உண்மையான காரணம் கூரையில் பேசாமல் படிந்து கிடக்கிறது. அதன் பெயர் அழுக்கு. செலவில்லாத இந்தக் காரணத்தை முதலில் பார்க்காமல், செலவுள்ள பொருளை மாற்றுவதுதான் எமக்கு ஏற்படும் நட்டம். இக்கட்டுரை அதைப் பற்றியதே.

கூரைக்கு வந்த வெயில்

இலங்கையில் வீட்டுக்கு ஒரு பனல், ஒரு பற்றரி, நாலைந்து விளக்குகள் என்ற சிறிய சோலர் முறை கிராமங்களுக்குப் பரவலாகச் சென்றது 1997ஆம் ஆண்டின் பின்னராகும். உலக வங்கியின் உதவியுடன் 1997 முதல் 2002 வரை ஒரு திட்டமும், அதைத் தொடர்ந்து 2011 வரை இன்னொரு திட்டமும் நடைபெற்றன. சர்வோதயத்தின் சிறுகடன் நிறுவனமான சீட்ஸ் போன்றவை தவணைக் கடன் வழங்கின. இவற்றின் மூலம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு விளக்கு எரிந்தது. பின்னர் மின்கம்பி அநேகமான கிராமங்களை எட்டியதும் அந்தப் பனல்கள் பல கைவிடப்பட்டன. சில இன்றும் பாவனையில் உள்ளன. யுத்தம் 2009ஆம் ஆண்டு முடிந்த பின்னர், மீள்குடியேறிய குடும்பங்களுக்கும் சூரிய விளக்குகளும் சிறிய பனல்களும் உதவியாகக் கிடைத்தன.

அடுத்த அலை 2016ஆம் ஆண்டு வந்தது. 'சூர்ய பல சங்கிராமய' என்ற பெயரில் அரசாங்கம் தொடங்கிய திட்டத்தில், கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்கலாம் என்றாயிற்று. முதல் ஏழு வருடங்களுக்கு ஒரு அலகுக்கு 22 ரூபா, அதன் பின் 15 ரூபா 50 சதம் என்று அப்போது விலை நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் வந்தவர்களுக்கு இந்த விலை பல தடவை மாறியது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு ஏற்பட்டதும், அதே வருடம் ஓகஸ்ட் மாதத்திலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் கடுமையாக உயர்ந்ததும் யாவரும் அறிந்ததே. அதன் பிறகு கண்டி நகரிலும் குண்டசாலை, கட்டுகஸ்தோட்டை, பேராதனைப் பக்கங்களிலும் கூரைகளில் நீலத் தகடுகள் பெருகின. கடனில் போட்டவர்களே அதிகம். பனல் தரும் மின்சாரம் குறைந்தாலும் கடன் தவணை குறைவதில்லை.

அழுக்கு என்ன செய்கிறது?

பனலின் மேல் இருப்பது கண்ணாடி. அதன் கீழே மெல்லிய சிலிக்கன் துண்டுகள் வரிசையாக ஒன்றுடன் ஒன்று கோர்க்கப்பட்டுள்ளன. பழைய சிறிய பனல்களில் பொதுவாக 36 துண்டுகளும் கூரைகளில் போடும் பெரிய பனல்களில் 60 அல்லது 72 துண்டுகளும் இருக்கும். இன்றைய புதிய பனல்களில் இவற்றை இரண்டாக வெட்டியும் போடுகிறார்கள். வெயில் படும்போது ஒவ்வொரு துண்டும் சிறிதளவு மின்சாரத்தை உண்டாக்கும். கண்ணாடியில் தூசி படிந்தால் உள்ளே செல்லும் வெயில் குறையும், வெயில் குறைந்தால் மின்சாரமும் குறையும். இது எவருக்கும் விளங்கும்.

விளங்காமல் போவது இன்னொன்று. காகத்தின் எச்சம் ஒரேயொரு துண்டை மட்டும் மறைத்திருந்தால், அந்த ஒரு துண்டின் மின்சாரம் மட்டுமே குறையும் என்று நாம் நினைப்போம். உண்மை அதுவல்ல. முகாமில் தண்ணீர்த் தாங்கியிலிருந்து பெண்கள் வரிசையில் நின்று வாளியைக் கைமாற்றிய காட்சியை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒருவர் களைத்து மெதுவானால் வரிசை முழுவதுமே மெதுவாகும். கோர்த்த துண்டுகளும் அப்படித்தான். மறைக்கப்பட்ட துண்டு மற்றவற்றையும் பின்னிழுக்கும். அத்துடன் அந்தத் துண்டு மின்சாரத்தைத் தருவதற்குப் பதிலாக வாங்கிச் சூடாகும். நீண்ட நாள் அப்படியே விட்டால் அந்த இடம் கருகி நிரந்தரப் பழுதாகலாம். பெரிய பனல்களில் இதைத் தவிர்க்க மாற்றுவழிகள் வைத்திருக்கிறார்கள். பொதுவாக மூன்று. அப்போதும் ஓர் எச்சத்தால் பனலின் மூன்றில் ஒரு பங்கு வரை வேலை செய்யாமல் போகக்கூடும். ஆகவே பனல் முழுவதும் மெல்லியதாகப் பரவிய தூசியைவிட, ஓர் இடத்தில் தடித்துக் கிடக்கும் அழுக்கு சில வேளைகளில் கூடிய கேடு செய்யும்.

எவ்வளவு இழப்பு என்பது இடத்தைப் பொறுத்தது. இந்தியாவின் குஜராத் மாநிலத்திலுள்ள காந்திநகரில், ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. சில வாரங்களுக்கு ஒரு தடவை பனல்களைக் கழுவியபோது மின் உற்பத்தி சுமார் 50 வீதம் கூடியது என்பது அவர்களின் முடிவு. படிந்திருந்ததில் 92 வீதம் மண் தூசி. எஞ்சியது வாகனங்களாலும் எரிப்பதாலும் வரும் கரியும் பிறவும். நிறையில் சிறிதேயானாலும் இந்தக் கரித் துகள்கள் வெளிச்சத்தைக் கூடுதலாக மறைக்கும். ஒட்டிக்கொள்வதால் கழுவுவதும் கடினம். காந்திநகர் வரண்ட, தூசி மிகுந்த நிலம். அதற்கு மாறாக, மழையுள்ள பொஸ்டன் நகரில் சூரிய வெப்பத் தகடுகளை வைத்துச் செய்த பழைய ஆய்வொன்று 1942இல் வெளியானது. அதில் சராசரி இழப்பு 1 வீதம், மிகக் கூடியது 4.7 வீதம். உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள், 2018ஆம் ஆண்டில் சூரிய மின் உற்பத்தியில் குறைந்தது 3 முதல் 4 வீதம் அழுக்கினால் இழக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள்.

துடைக்க ஆளில்லாத இடத்தில் தூசி என்ன செய்யும் என்பதற்கு செவ்வாய்க் கிரகமே சாட்சி. 2018இல் அங்கு இறங்கிய 'இன்சைட்' என்ற ஆய்வுக் கலம், பனல்களில் தூசி மூடியதால் மின்சாரம் இல்லாமல் 2022 டிசம்பரில் மௌனித்துவிட்டது. எமது பனலுக்கு அந்த நிலை வரவேண்டியதில்லை.

கண்டியின் காற்றில் என்ன இருக்கிறது?

கண்டி நகரம் மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம் போன்றது. நெரிசல் மிகுந்த பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டை வீதியிலும் பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் விடும் புகை விரைவில் கலைந்து போக வழியில்லை. காலைப் பனியுடன் சேர்ந்து அது கூரைகளில் இறங்குகிறது. திகனைப் பக்கம் போனால் டொலமைட் கற்களை உடைக்கும் இடங்களின் வெண்தூசி. தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, கம்பளைப் பக்கங்களில் தேயிலைத் தொழிற்சாலைகளின் விறகுப் புகை. எல்லா இடங்களிலும் எமது குசினி அடுப்பின் கரி.

பறவைகளையும் மறந்துவிடக் கூடாது. கண்டி வாவிக்கரை மரங்களின் கீழ் நடப்பவர்கள் வெயிலுக்காக மட்டும் குடை பிடிப்பதில்லை. பேராதனைப் பூங்காவில் வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன. உடவத்தகலைக் காட்டை அண்டிய வீடுகளில் குரங்குகள் சேற்றுக் கால்களுடன் பனலில் ஓடி விளையாடும். பலா, மா மரங்களின் பாலும் சருகும் வேறு. ஈரமான மலைப் பிரதேசமாதலால், பிடித்துக்கொண்ட அழுக்கில் பாசியும் முளைக்கும். இது வரண்ட நாட்டாருக்கு இல்லாத தொல்லை.

பற்றரியைச் சாகடிக்கும் தூசி

தெல்தோட்டைப் பக்கத்தில் ஓர் அம்மா இருக்கிறார். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் அவரது பெற்றோர் கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறியவர்கள். யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளுடன் பிறந்த மண்ணிலுள்ள உறவினரிடம் திரும்பி வந்தார். தோட்ட எல்லையில் கட்டிய சிறிய வீட்டுக்குக் காணிப் பத்திரம் கைக்கு வராததால் மின் இணைப்பு எடுக்க முடியவில்லை. 40 வோட் பனல் ஒன்றையும் பற்றரியையும் கடனில் வாங்கினார். நாளடைவில் விளக்கு ஏழு மணிக்கே மங்கத் தொடங்கியது.

"பற்றரிய மாத்தச் சொன்னாங்க மிஸ். சீட்டுக் காச எடுத்து மாத்துனேன். ஒரு வருசம் நல்லா எரிஞ்சிச்சி. திரும்பவும் பழைய கததான். புள்ளைங்க புத்தகத்த விரிச்சா வெளக்கு கண்ண மூடுது" என்றார் அவர்.

பணி நிமித்தம் அவரது வீட்டுக்குப் போனபோது பனலைப் பார்த்தோம். குசினிப் புகை போகும் பக்கத்திலேயே அதைப் பூட்டியிருந்தார்கள். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குள்ள கரி. கீழ் விளிம்பில் நாலு விரல் அகலத்துக்குப் பச்சைப் பாசி.

இங்கே கணக்கொன்றைப் பார்ப்போம். 40 வோட் பனலுக்கு ஒரு நாளில் நான்கு மணித்தியாலம் முழு வெயில் கிடைத்தால் 160 வோட்-மணி மின்சாரம் வரும். அழுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றால் 32 வோட்-மணி போய்விடும். ஒரு 7 வோட் விளக்கை நாலரை மணித்தியாலம் எரிப்பதற்கு அது போதும். அதாவது பிள்ளையின் ஓர் இரவுப் படிப்பு.

நட்டம் அத்துடன் நிற்பதில்லை. இப்படிப்பட்ட முறைகளில் பொதுவாகப் பாவிக்கப்படுவது ஈயப் பற்றரி. அது ஒவ்வொரு நாளும் நிறைய வேண்டும். அரை வயிறாகவே தொடர்ந்து கிடந்தால், உள்ளே ஈயத் தகடுகளில் வெள்ளைப் படிவு உண்டாகி இறுகிவிடும். இறுகிய பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் பற்றரி முன்போல் மின்சாரத்தைப் பிடித்து வைக்காது. ஆகவே பனலில் இருக்கும் அழுக்குத்தான் பற்றரியைக் கொல்கிறது. பனலைக் கழுவாமல் புதிய பற்றரி வாங்கினால், புதியதும் அதே வழியில் சாகும். அந்த அம்மாவுக்கு நேர்ந்தது அதுவே.

ஒரு விடியற்காலையில் பக்கத்து வீட்டுத் தம்பி ஏணியில் நின்று அந்தப் பனலைக் கழுவிக் கொடுத்தார். அடுத்த வெயில் நாளில் பற்றரி நிறைந்ததைக் காட்டும் பச்சை விளக்கு பின்னேரம் இரண்டு மணிக்கு எரிந்தது. பல மாதங்களாகப் பொழுது சாயும்வரை எரியாத விளக்கு அது. பற்றரி ஏற்கனவே பலவீனப்பட்டிருந்ததால் வெளிச்சம் முழுமையாக மீளவில்லை. ஆனால் இரவு ஒன்பது மணிவரை பிள்ளைகள் படிக்கிறார்கள். மூன்றாவது பற்றரிக்கான கடன் தள்ளிப்போயிற்று.

மழை கழுவிவிடாதா?

பலரும் கேட்கும் கேள்வி இது. கண்டியில் மழைக்குக் குறைவில்லை. நல்ல கனமழை தூசியின் பெரும்பகுதியைக் கழுவிவிடும் என்பது உண்மை. ஆகவே மாதந்தோறும் கூரையில் ஏறி இறங்க வேண்டியதில்லை. ஆயினும் மழையை முற்றாக நம்பவும் முடியாது.

முதலாவது, தூறல் கழுவாது. காற்றிலுள்ள தூசியைக் கொண்டுவந்து கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஒட்டவைக்கும். இரவுப் பனியும் அப்படியே. நனைந்த தூசி பகல் வெயிலில் காய்ந்து சீமெந்துபோல் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, பனலின் சாய்வு. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில், வட அகலாங்கு 7 பாகையில் இருக்கிறோம். வெயிலை மட்டும் பார்த்தால் பனலை ஏறத்தாழப் படுக்கையாகவே வைக்கலாம். ஆனால் படுக்கையாக வைத்தால் தண்ணீர் வழியாது. சட்டத்தின் கீழ் விளிம்பில் தேங்கி, வற்றி, சேற்றுக் கோடாகப் படியும். பாசி முதலில் பிடிப்பதும் அங்கேதான். அந்தக் கோடு கீழ் வரிசைத் துண்டுகளை மறைத்தால், முன்னர் சொன்ன வாளி வரிசைக் கதைதான். குறைந்தது 10 பாகையாவது சாய்த்துப் பூட்ட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். புதிதாகப் பனல் போடுபவர்கள் பூட்ட வருபவரிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, பறவை எச்சம், மரப்பால், புகைப் பிசுக்கு, பாசி ஆகிய நான்கும் மழைக்கு எளிதில் அசையமாட்டா.

கண்டிப் பகுதியில் மழை குறைந்த காலம் ஜனவரி இறுதி தொடக்கம் மார்ச் வரை. பெப்ரவரி நடுப்பகுதியில் ஒரு தடவை, மழை ஓய்ந்துள்ள வேறொரு சமயத்தில் இன்னொரு தடவை என வருடத்துக்கு இரண்டு கழுவல் பல வீடுகளுக்குப் போதுமானது. வீதியோரம், கல் உடைக்கும் இடம், புகைபோக்கி அருகில் உள்ள வீடுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தேவைப்படலாம். எச்சத்தைக் கண்டால் மட்டும் காலம் பார்க்க வேண்டாம்.

கழுவும் முறை

1. விடியற்காலை அல்லது பொழுது சாய்ந்த பின் கழுவுங்கள். நடுப்பகலில் கண்ணாடி கொதித்துக்கொண்டிருக்கும். அதில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வெடிக்கக்கூடும். விடியற்காலையில் பனி ஏற்கனவே அழுக்கை ஊறவைத்திருப்பதால் வேலையும் சுலபம்.

2. பெரிய கூரைத் தொகுதியாயின் முதலில் இன்வேர்ட்டரை, பூட்டியவர் காட்டித் தந்த முறைப்படி நிறுத்துங்கள். நிறுத்தினாலும் வெளிச்சம் இருக்கும்வரை பனலின் வயர்களில் மின்சாரம் இருக்கும். பல பனல்கள் கோர்த்த தொகுதியில் அது உயிராபத்தானது. வயர், இணைப்பு, பெட்டி எதையும் தொடக்கூடாது. கண்ணாடி வெடித்த பனலில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

3. முதலில் தண்ணீரை மட்டும் ஊற்றி மண்ணை வழிய விடுங்கள். காய்ந்த தூசியைத் துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

4. பின்னர் மெல்லிய துணியால் அல்லது ஸ்பொஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். சட்டி கழுவும் இரும்புச் சுருள், தும்பு, சாம்பல், மணல், சவர்க்காரத் தூள் எதுவும் ஆகாது. பிசுக்கு இருந்தால் சில துளி திரவச் சவர்க்காரம் போதும். அதையும் நன்றாக அலசிவிட வேண்டும்.

5. எச்சத்தைச் சுரண்ட வேண்டாம். நனைந்த துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் இளகி வரும்.

6. கீழ் விளிம்பை மறக்காதீர்கள்.

7. பனலின் மேல் ஏறி நிற்கவோ சாய்ந்து அழுத்தவோ கூடாது. மேலே தெரியாவிட்டாலும் உள்ளே துண்டுகள் வெடித்துவிடும்.

கூரையில் ஏறுவது யார்?

கழுவும் முறையைவிட இதுவே கடினமான கேள்வி. பனலுக்குக் கடன் எடுத்தவர் பெண். பாவிப்பவரும் பெண். ஆனால் பூட்ட வந்தவர் விளக்கம் சொன்னது அங்கு நின்ற ஆணுக்கு. கைந்நூல் ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில். ஆண் துணையற்ற வீட்டில் ஒருவரைக் கூரையில் ஏறச் சொன்னால் கூலி கொடுக்க வேண்டும். கூலி வாங்காமல் ஒருவர் ஏறினால் ஊர் வாய் சும்மா இருக்காது. "அதனாலதான் மிஸ் அப்படியே விட்டிட்டேன்" என்று ஒன்றுக்கு மேற்பட்ட பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்படி அழுக்குப் படிவதற்கும் சமூகத்தில் ஒரு காரணம் இருக்கிறது.

இதற்காக நாம் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கூரையில் ஏற வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பழைய சீற் கூரை உடைந்து விழுந்தால் போவது உயிர் அல்லது முதுகெலும்பு. ஐந்து வீத மின்சாரத்துக்காக அந்தத் துணிவு வேண்டாம். வேறு வழிகள் உண்டு.

சிறிய பனலைக் கூரையிலிருந்து இறக்கி, நிழல் விழாத இடத்தில் ஒரு கம்பத்தில், நீண்ட தடி எட்டும் உயரத்தில் பூட்டிக்கொள்ளலாம். தடி நுனியில் துணி கட்டி நிலத்தில் நின்றபடியே துடைக்கலாம். இடமாற்றும்போது குசினிப் புகைக்கு எதிர்ப்பக்கமாகப் பார்த்து வையுங்கள். கூரையிலேயே இருக்கும் பனலாயின் நிலத்திலிருந்து குழாயால் தண்ணீரை அடித்தாலே பாதி அழுக்குப் போகும்.

தனியே செய்ய முடியாததை மாதர் சங்கத்தினூடாகச் செய்யலாம். பத்து வீடுகள் சேர்ந்து நல்ல ஏணி ஒன்று, நீண்ட பிடியுள்ள மெல்லிய தூரிகை ஒன்று வாங்கிக்கொள்ளலாம். வருடத்தில் இரண்டு நாட்களைக் குறித்து, அறிந்த ஒருவருக்குக் கூலி கொடுத்துப் பத்து வீடுகளையும் ஒரே நாளில் முடிக்கலாம். கூலி பகிரப்படும், ஊர் வாய்க்கும் வேலை இருக்காது. இராஜஸ்தானின் திலோனியாவில் உள்ள வெறுங்கால் கல்லூரி எழுத்தறிவில்லாத கிராமத்துப் பாட்டிமாரையே சூரிய மின் தொழிநுட்பத்தில் பயிற்றுவித்துள்ளது. அவர்களால் ஒரு விளக்கைப் பிரித்துப் பூட்ட முடியுமானால், எம்மால் ஒரு பனலின் சுகநலத்தைக் கவனிக்க முடியாதா?

வடக்கிலும் கிழக்கிலும் வாழும் சகோதரிகளுக்கு

கண்டியில் மழை செய்யும் பாதி வேலையை உங்கள் ஊரில் மழை செய்யாது. வடக்கில் பெருமழை ஐப்பசி தொடக்கம் தை வரை மட்டுமே. அதன் பின் நீண்ட வரட்சி. வைகாசி தொடக்கம் சோளகக் காற்று வன்னியின் செம்மண்ணை வாரிக்கொண்டு வரும். மட்டக்களப்பில் கச்சான் காற்று அதே வேலையைச் செய்யும். கரையோரங்களில் உப்பும் சேரும். எனவே அந்த மாதங்களில் மாதம் ஒரு தடவை கழுவுவது நல்லது.

தண்ணீரிலும் கவனம் தேவை. யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளை படிவதுபோல் கண்ணாடியிலும் படியும். மழைநீர் சேமித்திருந்தால் கடைசி அலசலுக்கு அதைப் பாவியுங்கள். இல்லாவிட்டால் கழுவியதும் காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

புதிதாக வாங்க முன்

விளக்கு மங்கினால் அல்லது விற்கும் மின்சாரத்துக்குக் கிடைக்கும் பணம் குறைந்தால், கடைக்குப் போக முன் நான்கு விடயங்களைப் பாருங்கள். பனலில் அழுக்கு உள்ளதா? மரக்கிளை வளர்ந்து நிழல் விழுகிறதா? வயரின் நுனிகளில் பச்சைக் களிம்பு பிடித்துள்ளதா? தண்ணீர் ஊற்றும் வகைப் பற்றரியாயின் அதற்குரிய சுத்த நீர் வற்றியுள்ளதா? வயரையும் பற்றரியையும் நீங்களே திறக்க வேண்டாம். பார்த்ததை அறிந்தவரிடம் சொன்னால் போதும்.

அழுக்கா இல்லையா என்று அறிய இலகுவான சோதனை உண்டு. நல்ல வெயில் நாளொன்றில், நண்பகல் பன்னிரண்டு மணிக்கு இன்வேர்ட்டரில் தெரியும் எண்ணைப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் குறித்து வையுங்கள். சிறிய முறையாயின் பச்சை விளக்கு எத்தனை மணிக்கு எரிகிறது என்று குறியுங்கள். பனலைக் கழுவுங்கள். அடுத்த நல்ல வெயில் நாளில் அதே நேரத்தில் மீண்டும் பாருங்கள். எண் நன்றாகக் கூடியிருந்தால் குற்றவாளி அழுக்குத்தான். மாற்றமில்லையென்றால் பழுது வேறெங்கோ இருக்கிறது. அப்போது திருத்துபவரை அழையுங்கள். அவர் வரும்போது கொப்பி உங்கள் கையில் இருக்கட்டும். கழுவிய திகதியும் எண்ணும் எழுதி வைத்திருக்கும் பெண்ணிடம், காரணம் சொல்லாமல் "எல்லாம் மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போவது எவருக்கும் எளிதல்ல.

யுத்தம் எம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றைக் கணக்கிட்டால் முடியாது. எஞ்சியதைக் கொண்டு கட்டியெழுப்பும் வாழ்வில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு பழைய துவாயும் காப்பாற்றக்கூடிய வெளிச்சத்தை நாம் இழக்க வேண்டியதில்லை. இந்த மாதம் ஒரு காலைப்பொழுதில் வெளியே வந்து, உங்கள் பனலை அண்ணாந்து ஒரு தடவை பாருங்கள்.